பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு நேபாளத்துக்கு மிஷன் பயணம்: போகலாமா, எப்படிப் போவது?

கேள்வி: ஐயா, தோத்திரம். தூத்துக்குடி மாவட்டத்தில் அரசு உதவிபெறும் கிறிஸ்தவ மேல்நிலைப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். வருகிற மே மாதம் பதினொன்றாம் வகுப்பு முடித்த 20 மாணவர்களை (12 பெண்கள், 8 ஆண்கள்), 3 ஆசிரியர்களோடு ஒன்பது நாள் நேபாளத்துக்கு மிஷன் பயணம் அழைத்துப் போகத் திட்டமிட்டிருக்கிறோம். காத்மாண்டுவில் உள்ள ஒரு சபை எங்களை ஏற்றுக்கொள்ளச் சம்மதித்திருக்கிறது. இரண்டு மலைக்கிராமப் பள்ளிகளில் விபிஎஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி), நேபாளி மொழியில் 500 சுவிசேஷக் கைப்பிரதிகள், ஒரு நாள் அநாதை இல்லத்தில் ஊழியம், ஒரு வகுப்பறைக்கு வெள்ளையடித்தல், கடைசி இரண்டு நாள் பொக்காரா. இதுதான் நிகழ்ச்சி நிரல். விசா வேண்டாம் என்கிறார்கள். எல்லோருக்கும் பாஸ்போர்ட் எடுக்க வேண்டுமா? சட்டச் சிக்கல் ஏதும் உண்டா? இரண்டு இந்து மாணவிகளும் வர ஆசைப்படுகிறார்கள். சேர்த்துக்கொள்ளலாமா?

பதில்: அன்புள்ள டீச்சர்,

போகலாம். ஆனால் இந்த நிகழ்ச்சி நிரலோடு வேண்டாம். விபிஎஸ், கைப்பிரதி, அநாதை இல்லம் மூன்றையும் எடுத்துவிடுங்கள். பொக்காராவையும் விட்டுவிடுங்கள். ஒன்பது நாளையும் காத்மாண்டு பள்ளத்தாக்குக்குள்ளேயே கழிக்கலாம், அதற்குப் போதுமான வேலை அங்கே இருக்கிறது. ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் சட்டம். நேபாளம் 2015-ல் ஏற்றுக்கொண்ட அரசியலமைப்பின் 26-வது பிரிவு மதச் சுதந்திரத்தைத் தருகிறது. அதே பிரிவின் மூன்றாவது உட்பிரிவு ஒருவரை ஒரு மதத்திலிருந்து இன்னொரு மதத்துக்கு மாற்றுவதைத் தடை செய்கிறது. 2017-ல் இயற்றப்பட்டு 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டத்தின் 158-வது பிரிவு அதற்குத் தண்டனை வைத்திருக்கிறது: ஐந்து ஆண்டு வரை சிறை, 50,000 நேபாள ரூபாய் வரை அபராதம். வெளிநாட்டவராக இருந்தால் தண்டனை முடிந்த ஏழு நாளுக்குள் நாடு கடத்தப்படுவார். இந்தியரும் இந்தக் கணக்கில் வெளிநாட்டவர்தான். விசா வேண்டாம் என்பது எல்லையைத் தாண்டுவதற்கான சலுகை மட்டுமே. போன இடத்தில் என்ன செய்யலாம் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

'நாங்கள் யாரையும் மாற்றப் போவதில்லை, பாட்டும் கதையும்தானே' என்று பிள்ளைகளின் பெற்றோர் கேட்பார்கள். அவர்களுக்கு தோலகா மாவட்டத்துச் சரிகோட்டில் நடந்ததைச் சொல்லுங்கள். 2015 பூகம்பத்தில் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு மனத்தைத் தேற்றும் நிகழ்ச்சி ஒன்று பள்ளியில் நடந்தது. அதில் இயேசுவின் கதையைச் சொல்லும் சிறு படக்கதைப் புத்தகம் கொடுக்கப்பட்டது. அதற்காக 2016 ஜூனில் எட்டுக் கிறிஸ்தவர்கள் கைது செய்யப்பட்டு, வழக்கு நடந்து, டிசம்பரில்தான் வழக்கிலிருந்து விடுதலையானார்கள். இப்போதைய குற்றவியல் சட்டம் வருவதற்கு முந்திய சம்பவம் இது. பள்ளிக்கூடம், சிறுபிள்ளைகள், அச்சிட்ட தாள் மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். உங்கள் திட்டத்தில் மூன்றும் இருக்கின்றன, கூடவே வெளிநாட்டவர் 23 பேர்.

புகார் என்று ஒன்று வந்தால் உங்கள் குழு பெரும்பாலும் அடுத்த விமானத்தில் ஊர் திரும்பிவிடும். காவல் நிலையத்துக்கு நடக்கப்போவது உங்களை அழைத்த பாஸ்டரும் அந்தக் கிராமத் தலைமையாசிரியரும்தான். அங்கே சபைகளைச் சபையாகப் பதிவு செய்ய வழியில்லாததால் பலரும் தொண்டு நிறுவனமாகப் பதிந்துகொண்டு இயங்குகிறார்கள். அந்தப் பதிவுக்கே ஆபத்து வரலாம். ஆகவே கைப்பிரதி ஒன்றுகூட உங்கள் பெட்டியில் இருக்கக் கூடாது. பிள்ளைகளின் சொந்த வேதாகமம் தாராளமாக இருக்கலாம்.

கைப்பிரதியைவிட இன்றைக்குப் பெரிய ஆபத்து செல்போன். 'இன்று இந்தக் கிராமத்தில் 40 ஆத்துமாக்களைச் சந்தித்தோம்' என்று ஒரு பிள்ளை போட்டோவோடு ஸ்டேட்டஸ் போட்டால் போதும், ஊரும் முகங்களும் தேதியும் அதிலேயே இருக்கின்றன. தமிழில்தானே எழுதினோம் என்று இருக்க முடியாது, எந்த போனிலும் ஒரு தொடுதலில் மொழிபெயர்ப்பு வந்துவிடும். விதியை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: பயணத்தின்போது யாரும் எதையும் பதிவிடக் கூடாது, திரும்பிய பின் போடுகிற படங்களில் அந்நாட்டுப் பிள்ளைகளின் முகமும் சபையின் பெயரும் கூடாது. ஜெபக்குறிப்பு என்ற பெயரில் வாட்ஸப் குழுக்களில் சுற்றுகிற கடிதத்துக்கும் இதே விதி. அநேகமாக அந்தக் கடிதத்தை எழுதப்போவது ஆசிரியர்களாகிய நீங்கள்தான் என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

இப்படிக் கட்டுப்பட்டுப் போவது விசுவாசக் குறைவு என்று உங்கள் தாளாளரோ சேகரத்துப் போதகர் ஐயரவர்களோ நினைத்தால், 1954-ல் தொடங்கிய யுனைட்டட் மிஷன் டு நேபாள் அமைப்பின் வரலாற்றைக் காட்டுங்கள். மதமாற்ற வேலை செய்வதில்லை என்று அரசோடு உடன்படிக்கை செய்துகொண்டுதான் அவர்கள் உள்ளே போனார்கள். மருத்துவமனை, பள்ளி, நீர்மின் திட்டம் என்று வேலை செய்தார்கள். தான்சேன் மருத்துவமனை அவர்களுடையது, பாட்டன் மருத்துவமனையின் தொடக்கமும் அவர்களுடையதுதான். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே கிறிஸ்தவர்கள் ஐந்து லட்சத்துக்குச் சற்று மேல். அந்தச் சபைகளைப் பெரும்பாலும் வளர்த்தவர்கள் நேபாளிகளே. ஒன்பது நாள் வந்துபோகிற பள்ளிப் பிள்ளைகளிடம் அவர்கள் எதிர்பார்ப்பது வேறு.

அநாதை இல்லத்தை எடுத்துவிடச் சொல்வதற்குக் காரணம் சட்டத்தைவிடப் பிள்ளைகள்தான். நேபாளத்து இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். படிப்பு கிடைக்கும் என்று சொல்லித் தொலைவான மலை மாவட்டங்களிலிருந்து தரகர்கள் அழைத்து வருகிறார்கள். வெளிநாட்டுக் குழுக்கள் வந்து பரிசும் பணமும் கொடுப்பதால் இல்லம் நிரம்பியே இருக்க வேண்டியிருக்கிறது. ஆஸ்திரேலியா 2018-ல் நவீன அடிமைமுறைச் சட்டம் கொண்டுவந்தபோது இந்த அநாதை இல்லக் கடத்தலும் பேசப்பட்டது. ஒரு நாள் வந்து மடியில் வைத்துக் கொஞ்சி, போகும்போது அழுதுவிட்டுப் போகிற விருந்தாளிகளை அந்தப் பிள்ளைகள் மாதந்தோறும் பார்க்கிறார்கள். உங்கள் பிள்ளைகள் அந்த வரிசையில் நிற்க வேண்டாம்.

வெள்ளையடிப்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 24 அடிக்கு 20 அடி வகுப்பறை, 10 அடி உயரம் என்றால் சுவர் 880 சதுர அடி. கதவு சன்னல் போக 750. இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 60 சதுர அடி என்று வைத்தால் 12 அல்லது 13 லிட்டர் எமல்ஷன். தொழில் தெரிந்த இரண்டு பெயிண்டர்கள் பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுவார்கள். அந்த அறைக்குள் 20 பேரை விட்டால் ஆறு பேர் வேலை செய்வார்கள், மற்றவர்கள் படம் எடுப்பார்கள். தேய்க்காத சுவரில் அடித்தது ஒரு மழைக்காலத்துக்குள் உரியும். வகுப்பறைக்குப் பெயிண்ட் உண்மையிலேயே வேண்டும் என்றால் பெயிண்டுக்கும் உள்ளூர் ஆட்களின் கூலிக்கும் பணம் கொடுங்கள்.

பிறகு என்னதான் செய்வது? காத்மாண்டுவிலோ பக்கத்து நகரமான லலித்பூரிலோ உள்ள ஒரு மேல்நிலைப் பள்ளியோடு மூன்று நாள் வகுப்புப் பரிமாற்றம் வையுங்கள். நேபாளத்தில் கல்வியாண்டு வைசாக மாதத்தில், அதாவது ஏப்ரல் நடுவில் தொடங்குவதால் மே தொடக்கத்தில் பள்ளி நடக்கும். வேலை நாள் எது என்பதை அந்தப் பள்ளியிடமே எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள். வேதியியல் ஆய்வக வகுப்பு, கைப்பந்து ஆட்டம், இரு பக்கமும் நாட்டுப்பாட்டு. மதப் பேச்சு இல்லாமல் இதை நடத்த முடியும், அவர்கள் பள்ளிக்கும் பயன் உண்டு.

இரண்டாவது, லலித்பூரின் தெற்கே லேலே பக்கம் லெப்ரசி மிஷன் நடத்தும் ஆனந்தபன் தொழுநோய் மருத்துவமனை. இதற்கும் நமக்கும் நேரடித் தொடர்பு உண்டு. அங்கே செய்யப்படுகிற, தொழுநோயால் மடங்கிப்போன கைகளைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சையை 1940-களின் கடைசியில் வேலூரில் வளர்த்தெடுத்தவர் டாக்டர் பால் பிராண்ட். புறப்படுவதற்கு முந்திய மாதமே பிள்ளைகளை வேலூர் அருகே கரிகிரியில் உள்ள தொழுநோய் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அதைப் பார்த்துவிட்டு ஆனந்தபன் போகிற பிள்ளை சரியான கேள்வி கேட்கும். மருத்துவமனையின் எழுத்துப்பூர்வ அனுமதி, ஒரு வேளைக்கு எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம், வார்டில் கேமரா வேண்டவே வேண்டாம்.

மூன்றாவது, உங்களை அழைத்த சபையின் ஆராதனை. அங்கே வார விடுமுறை சனிக்கிழமை என்பதால் சபைகள் பொதுவாகச் சனிக்கிழமை கூடுகின்றன. சனிக்கிழமை இரவு போய் இறங்குகிற டிக்கெட்டை எடுத்துவிட்டு ஆராதனையைத் தவறவிட்ட குழுக்கள் உண்டு, கவனியுங்கள். செருப்பை வாசலில் விட வேண்டும். பல சபைகளில் தரையில் உட்கார்வார்கள், ஆணும் பெண்ணும் தனித்தனிப் பக்கம், பெண்கள் தலையை மூடிக்கொள்வதும் வழக்கம். 12 பெண்களுக்கும் துப்பட்டா இருக்கட்டும். 'ஜெய் மசி' என்று இரு கைகூப்பி வாழ்த்தக் கற்றுக்கொடுங்கள். நேபாளிகள் பலருக்கும் இந்தி புரியும், நம் பிள்ளைகளுக்குத்தான் புரியாது. ஆகவே ஏழு பேருக்கு ஒருவர் வீதம் ஆங்கிலமும் நேபாளியும் தெரிந்த மூன்று இளைஞர்களைச் சபையிடம் கேளுங்கள், அவர்களுக்கு நாட்கூலி கொடுங்கள்.

பாஸ்போர்ட் விஷயம். இந்தியர் நேபாளம் போக விசா வேண்டாம், ஆனால் விமானத்தில் போகும் பெரியவர்களுக்குப் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். ஆதார் 15 வயதுக்குக் கீழும் 65-க்கு மேலும் உள்ளவர்களுக்கு மட்டுமே செல்லும். உங்கள் ஆசிரியர்களில் யாராவது ஆதாரை மட்டும் நீட்டினால் விமான நிலையத்திலிருந்து திரும்பி வர வேண்டியதுதான். 15 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்குத் தலைமையாசிரியர் உரிய படிவத்தில் கொடுக்கும் அடையாளச் சான்று போதும் என்பது விதி. விதி அப்படி இருந்தாலும் எல்லோருக்கும் பாஸ்போர்ட் எடுங்கள் என்பேன். பயணக் காப்பீட்டுக்குப் பாஸ்போர்ட் எண் கேட்பார்கள், அங்கே சிம் வாங்கவும் அது எளிது, தொலைந்தால் தூதரகத்தில் புதிய ஆவணம் பெறவும் பழைய எண் உதவும். 18 வயது நிரம்பாதவர்களுக்குப் பெற்றோர் இருவரும் கையெழுத்திடும் அனெக்சர் டி என்ற உறுதிமொழிப் படிவம் பாஸ்போர்ட் விண்ணப்பத்தோடு வேண்டும். அப்பா வளைகுடாவில் வேலை பார்க்கும் வீடுகளில் இந்தக் கையெழுத்துதான் இழுத்தடிக்கும், டிசம்பருக்குள் விண்ணப்பித்துவிடுங்கள். பாஸ்போர்ட் கைக்கு வந்தாலும் தலைமையாசிரியர் சான்றை இரண்டு அசலாக எடுத்துச் செல்லுங்கள். பள்ளிப் பதிவேடு, பாஸ்போர்ட், டிக்கெட் மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். இனிஷியலை விரித்து எழுதும்போதுதான் அது மாறும்.

இதோடு பெற்றோரிடமிருந்து நோட்டரி கையொப்பமிட்ட சம்மதக் கடிதம். அதில் பயணத் தேதி, பொறுப்பாசிரியர் இருவரின் பெயர், அவசரத்தில் மயக்க மருந்தும் அறுவைச் சிகிச்சையும் உட்படச் சிகிச்சைக்கு அனுமதி, ஒவ்வாமை, வழக்கமாக எடுக்கும் மருந்து எல்லாம் வரட்டும். அரசு உதவிபெறும் பள்ளி என்பதால் ஆசிரியர்கள் எல்லோரும் கல்வித்துறையின் தடையின்மைச் சான்றுக்கு இப்போதே விண்ணப்பிக்க வேண்டும். அது பாஸ்போர்ட்டைவிடத் தாமதமாகும்.

மே மாதத்தை மாற்றாதீர்கள். பள்ளி நிர்வாகம் 'காலாண்டு விடுமுறையில் வைத்துக்கொள்ளலாமே' என்று சொல்லும். 2024 செப்டம்பர் கடைசி வாரத்தில் காத்மாண்டுவைச் சுற்றிய வெள்ளத்தில் 200 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த விடுமுறையை ஒட்டித் தசைன் பண்டிகையும் வரும், பள்ளிகள் மூடியிருக்கும், பஸ்ஸில் இடம் கிடைக்காது. பொக்காராவை விடச் சொன்னதற்கும் சாலைதான் காரணம். காத்மாண்டுவிலிருந்து அங்கே போகும் 200 கிலோமீட்டர் நெடுஞ்சாலை பெரும்பாலும் ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டியே போகிறது. 2024 ஜூலையில் சித்வன் மாவட்டத்தில், இதிலிருந்து பிரியும் இன்னொரு சாலையில், நிலச்சரிவு இரண்டு பஸ்களை திரிசூலி ஆற்றுக்குள் தள்ளியது. விமானத்தில் போகலாம் என்றால், நேபாள விமான நிறுவனங்கள் 2013 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் தடைப் பட்டியலில் இருக்கின்றன, 2023 ஜனவரியில் பொக்காராவில் விழுந்த விமானத்தில் இருந்த 72 பேரும் இறந்தார்கள். மே மாதத்தில் அந்தச் சாலை அவ்வளவு மோசமில்லைதான். இருந்தாலும் இரண்டு நாள் ஏரி பார்ப்பதற்காக 20 பெற்றோரிடம் இந்தப் பொறுப்பை ஏற்க வேண்டாம்.

உடல்நலத்தில் மலைநோயைப் பற்றிக் கவலை வேண்டாம். காத்மாண்டு சுமார் 1,400 மீட்டர் உயரம்தான், கொடைக்கானல் அதைவிட உயரம். கவலை டைபாய்டும் வயிற்றுப்போக்கும். டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசிகள் புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே போடப்படட்டும். குழுவுக்கு மொத்தம் ஒரு லிட்டர் அளவு ஓஆர்எஸ் பொட்டலம் 50. கொதித்த தண்ணீர் அல்லது மூடி உடையாத பாட்டில், பல் துலக்கவும் அதே. ஏப்ரல், மே மாதங்களில் காட்டுத்தீப் புகை பள்ளத்தாக்கில் தேங்குவதால் ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் இரண்டு இன்ஹேலர் கொண்டுவர வேண்டும், ஒன்று அவர்கள் பையில், ஒன்று ஆசிரியர் பையில். சுயம்பு ஸ்தூபிக்குப் போனால் கையில் தின்பண்டம் கூடாது, குரங்கு பறிக்கும். கடித்தாலோ கீறினாலோ 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றைக்கே காத்மாண்டுவின் தேக்கு பகுதியில் உள்ள தொற்றுநோய் மருத்துவமனைக்கு. ஊர் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று ரேபிஸ் ஊசியைத் தள்ளக் கூடாது.

சாப்பாட்டில் ஒரு சின்னச் சங்கடம் வரும். பல வீடுகளில் காலை பத்து மணி வாக்கில் தால் பாத் (பருப்பும் சோறும்), பிறகு இரவுச் சாப்பாடு, இடையில் சிற்றுண்டி. எட்டு மணிக்கு இட்லி கேட்கிற வயிறுகளுக்கு அவலோ ரொட்டியோ முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மாட்டுக்கறிப் பேச்சே வேண்டாம். பசு அங்கே தேசிய விலங்கு, பசுவதை குற்றம். மோமோவில் 'பஃப்' என்றால் எருமை, அதைப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

பணம்: ஒரு இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய் என்பது நிலையான மதிப்பு. 100 ரூபாய் நோட்டுகளாகக் கொண்டு போங்கள். பெரிய நோட்டு விதி மாறிக்கொண்டிருப்பதால் புறப்படும் வாரம் வங்கியில் கேளுங்கள். பள்ளி அறக்கட்டளையின் பணத்தை நேபாளத்தில் நன்கொடையாகக் கொடுத்தால் வருமான வரி விலக்கில் சிக்கல் வரும், வெளிநாட்டு நன்கொடை வரும் எஃப்சிஆர்ஏ கணக்கைத் தொடவே கூடாது. ஆடிட்டரைக் கேட்காமல் ஒரு ரூபாய் வாக்குக் கொடுக்காதீர்கள். காப்பீட்டில் நேபாளம் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 2025 செப்டம்பர் போராட்டத்தின்போது காத்மாண்டு விமான நிலையம் ஒரு நாள் மூடப்பட்டது. அதனால் கூடுதலாக மூன்று நாள் தங்கும் பணம் தனியாக இருக்கட்டும். அங்கே கடிகாரம் நம்மைவிட 15 நிமிடம் முன்னே, போன் தானாக மாறும், கைக்கடிகாரம் மாறாது.

மூன்று ஆசிரியர்கள் போதாது. ஒருவர் நோயாளியோடு மருத்துவமனையில் உட்கார்ந்தால் மீதி இருவர் 19 பேரைப் பார்க்க வேண்டும். நான்கு பேராக்குங்கள், இரண்டு பெண்கள் கட்டாயம். மாணவர்களை வீடுகளில் பிரித்துத் தங்கவைக்கச் சபை அன்போடு கேட்கும், நன்றி சொல்லி மறுத்துவிட்டு ஒரே விடுதியில் இரண்டு தளமாகத் தங்குங்கள். எந்தப் பெரியவரும், பாஸ்டரானாலும், ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. ஒவ்வொரு பிள்ளையின் பையிலும் ஒரு அட்டை: விடுதி முகவரி நேபாளியில், பொறுப்பாசிரியர் எண், போலீஸ் 100, ஆம்புலன்ஸ் 102, சுற்றுலாப் போலீஸ் 1144, லைன்சௌரில் உள்ள இந்தியத் தூதரகத்தின் எண்.

அந்த இரண்டு இந்து மாணவிகளைத் தாராளமாகச் சேருங்கள், பெற்றோர் நிகழ்ச்சி நிரலை முழுதாகப் படித்துத் தங்கள் கைப்பட எழுதிக் கொடுத்தால். அரசு உதவிபெறும் பள்ளியில் மத வழிபாட்டில் பங்கெடுக்க யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, மைனர் என்றால் காப்பாளர் சம்மதம் வேண்டும் என்று நம் அரசியலமைப்பின் 28-வது பிரிவின் மூன்றாவது உட்பிரிவே சொல்கிறது. பயணத்துக்கு மதிப்பெண்ணோ சான்றிதழ்ப் புள்ளியோ வைக்காதீர்கள். சனிக்கிழமை ஆராதனை நேரத்தில் அவர்கள் வர விரும்பவில்லை என்றால் நான்காவது ஆசிரியை அவர்களோடு பாட்டன் தர்பார் சதுக்கத்து அருங்காட்சியகத்துக்குப் போகட்டும். அதையும் இப்போதே நிகழ்ச்சி நிரலில் எழுதிவிடுங்கள்.